மெயில் அனுப்புவதுதானே, அது என்ன செய்துவிடும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் இணையப் பாதுகாப்பு பற்றி வரும் செய்திகளை விடாமல் படிக்கிறவன் நான். ஓடிபி கேட்டு வரும் போலி அழைப்பு, வங்கியின் பெயரில் வரும் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப்பில் சுற்றும் லிங்க் என்று எழுதுகிறீர்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் சொந்தமாக ஒரு சின்ன வலைத்தளம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களே, ஒரு வாசகர் வட்டம், ஒரு பழைய மாணவர் சங்கம், தன் கவிதைகளைப் போட்டு வைக்கும் ஒருவர், இவர்களுக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வருகிறது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. எனக்கு நேர்ந்ததை வைத்து அதைச் சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகர் வட்டத்தின் தளத்தைப் பல வருடங்களாக நான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் கிடையாது, ஆர்வம்தான். வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில் ஓடும் தளம். கட்டுரைக்குக் கீழே ஒருவர் பின்னூட்டம் போடுவார், இன்னொருவர் வந்து அதற்குப் பதில் எழுதுவார், ஆனால் முதலில் எழுதியவருக்கு அது தெரியவே தெரியாது. "பதில் வந்தால் எனக்கு ஒரு மெயில் வருகிற மாதிரி செய்ய முடியாதா" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். தேடினேன், ஓர் இலவச பிளகின் கிடைத்தது, தமிழில் செருகுநிரல் என்கிறோமே, தளத்தோடு ஒரு புது வசதியைச் சேர்க்கும் துணை நிரல், அதுதான். நிறுவ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பின்னூட்டம் எழுதும்போது "பதில் வந்தால் அறிவிக்கவும்" என்ற பெட்டியில் டிக் அடித்தவர்களுக்கு முதலில் ஓர் உறுதிப்படுத்தும் மெயில் போகும், அதில் சம்மதம் சொன்னால் அதற்குப் பிறகு பதில் வரும்போதெல்லாம் அறிவிப்பு போகும். கேட்டவர்களுக்கு மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி, அப்புறம் அப்படி ஒன்று அங்கே இருப்பதையே மறந்துபோனேன்.

சில வருடம் கழித்து ஒரு நாள் காலை தளத்தின் மெயில் பெட்டியைத் திறந்தால், "இந்த முகவரிக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை" என்று திரும்பி வந்த மெயில்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. ஒன்றைத் திறந்து பார்த்தேன். எங்கள் தளத்தின் பெயரில், எங்கள் முகவரியிலிருந்து போயிருக்கிறது. "வணக்கம்" என்பதற்கு அடுத்து வாசகரின் பெயர் வர வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, இங்கே அழுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி, அதை ஒட்டி ஒரு லிங்க். அதற்குக் கீழே நான் என் கையால் எழுதிவைத்த வாசகம் அப்படியே இருந்தது: "எங்கள் வட்டத்தின் உரையாடலில் உங்களை வரவேற்கிறோம்." அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

நடந்தது இதுதான். பின்னூட்டப் பெட்டியில் பெயர், மின்னஞ்சல், கருத்து என்று மூன்று கட்டங்கள். பெயர்க் கட்டத்தில் யாரும் பெயரைத்தான் எழுதுவார்கள் என்று பிளகினை எழுதியவர் நம்பியிருக்கிறார், நானும் நம்பினேன். எவனோ ஒருவன் அந்த இடத்தில் மோசடி வாசகத்தையும் லிங்கையும் போட்டு, மின்னஞ்சல் கட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் முகவரியைப் போட்டு, டிக் அடித்து அனுப்பிவிட்டான். பின்னூட்டம் என் ஒப்புதலுக்காக வரிசையில் காத்திருந்தது, தளத்தில் வரவே இல்லை. ஆனால் உறுதிப்படுத்தும் மெயில் என் ஒப்புதலுக்குக் காத்திருக்கவில்லை, அந்த நொடியே கிளம்பிவிட்டது. இதை ஒரு சின்ன நிரல் வைத்து இரவு முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள். யாரும் எங்கள் கடவுச்சொல்லைத் திருடவில்லை, சர்வருக்குள் நுழையவில்லை, கதவு திறந்தே இருந்தது. மறுநாள், தளத்துக்கு சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் எங்கள் மெயில் சேவையை நிறுத்தியது, அது அவர்கள் செய்ய வேண்டிய வேலை, அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பல வாரம் எங்கள் கூட்ட அழைப்புகூட உறுப்பினர்களின் ஸ்பாம் பெட்டிக்குத்தான் போனது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மெயில் அனுப்புகிறவர்களுக்கான விதிகளை இறுக்கியிருக்கின்றன. நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் ஸ்பாம் புகாரை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். நாங்கள் அத்தனை பெரிய ஆள் இல்லை, ஆனால் ஒரு டொமைனின், அதாவது தள முகவரியின், நற்பெயர் ஓர் இரவில் கெட்டுப்போகும், அது திரும்பி வர எவ்வளவு நாளாகும் என்பது அனுபவித்தால்தான் தெரிகிறது.

இதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். நிறுவுவதற்கு முன்னால் நான் கேட்ட ஒரே கேள்வி, "இது என்ன வேலை செய்யும்?" கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "இது கெட்டுப்போனால் எதையெல்லாம் தொட முடியும்?" இரண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கைபேசியில் ஒரு செயலியை நிறுவினால் அது கேமரா வேண்டும், தொடர்புகள் வேண்டும் என்று அனுமதி கேட்கிறது, வேண்டாம் என்று சொல்லலாம். வேர்ட்பிரஸ் பிளகினுக்கு அப்படி எதுவும் கிடையாது. நிறுவி இயக்கிவிட்டால், வேர்ட்பிரஸின் மைய நிரலுக்கு என்ன அதிகாரமோ அதே அதிகாரம் அதற்கும். தளத்தின் விவரங்கள் எல்லாம் சேமிக்கப்படும் தரவுத்தளத்தில் உள்ள எல்லா அட்டவணைகளையும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். தரவுத்தளத்தின் கடவுச்சொல் எழுதியிருக்கும் கான்ஃபிக் கோப்பைப் படிக்கலாம். புதிதாக ஓர் அட்மின், அதாவது நிர்வாகி, கணக்கை உருவாக்கலாம். வெளியே எந்த சர்வருக்கும் தகவல் அனுப்பலாம். ஐந்நூறு வரி நிரலோ ஐம்பதாயிரம் வரி நிரலோ, அதிகாரம் ஒன்றுதான். வாசலில் மணி அடிக்க ஆள் வைத்து, வீட்டின் எல்லாச் சாவியையும் அவர் இடுப்பில் கட்டிவிடுவது போலத்தான் இது. உலகத்து வலைத்தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன, அதன் அதிகாரபூர்வக் கிடங்கில் மட்டும் 50,000-க்கு மேல் இலவச பிளகின்கள் இருக்கின்றன. இந்தச் சாவிக்கொத்து எத்தனை இடுப்பில் தொங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

அறிவிப்பு அனுப்பும் பிளகின் மற்ற சின்ன பிளகின்களைவிட ஆபத்தானது என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. முகப்பில் ஒரு படத்தை நகர்த்திக் காட்டும் பிளகினுக்கு வெளியாள் யாரும் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. இது அப்படி இல்லை. முகம் தெரியாதவர்கள் தட்டுகிற எழுத்தை வாங்கி மூன்று இடங்களுக்குக் கொண்டுபோகிறது. ஒன்று தரவுத்தளம், இரண்டாவது அட்மினின் திரை, மூன்றாவது மெயில். மூன்று இடத்துக்கும் மூன்று மொழி, மூன்று விதமான விஷம். ஒரு இடத்துக்குச் சுத்தம் செய்த எழுத்து இன்னொரு இடத்துக்குச் சுத்தமாக இருக்காது, இதைத்தான் நிரல் எழுதுகிறவர்கள் பலரும் தவறவிடுகிறார்கள்.

மெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மெயிலின் தலைப்பகுதி வரி வரியாக எழுதப்படுவது. அனுப்புநர் ஒரு வரி, பெறுநர் ஒரு வரி, பொருள் ஒரு வரி. அறிவிப்பின் பொருள் வரியில் பின்னூட்டம் போட்டவரின் பெயரைச் சேர்க்கிறோம் என்று வையுங்கள். அந்தப் பெயருக்குள் ஒருவன் கண்ணுக்குத் தெரியாத வரிமுறிவுக் குறியை நுழைத்து, அதற்கு அடுத்து மறைநகல் (பிசிசி) என்று ஒரு வரியும் ஆயிரம் முகவரியும் சேர்த்துவிட்டால், வடிகட்டாத நிரல் அதையும் தலைப்பகுதி என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு மெயில் போக வேண்டிய இடத்தில் ஆயிரம் போகும். இது மிகப் பழைய தந்திரம், வேர்ட்பிரஸின் சொந்த மெயில் வழியில் போனால் பெரும்பாலும் தடுக்கப்படும், ஆனால் அந்த வழியைத் தவிர்த்து நேராக சர்வரின் மெயில் கட்டளையைக் கூப்பிடும் பிளகின்கள் இருக்கின்றன, அங்கே காவல் இல்லை.

சரி, நல்ல வழியில் போனால் முழுப் பாதுகாப்பா என்றால், அதுவும் சொல்ல முடியாது. வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா என்று எல்லாவற்றோடும் புழங்கும் பிஎச்பிமெயிலர் என்ற நிரல்தொகுப்பில் 2016 டிசம்பரில் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. அனுப்புநர் முகவரிக்குள் மேற்கோள் குறிகளை ஒரு விதமாக வைத்தால், முகவரியின் மிச்சப் பகுதி சர்வரின் மெயில் நிரலுக்குக் கட்டளையாகப் போய்ச் சேரும், அதை வைத்து சர்வரிலேயே கோப்பு எழுதி நிரல் ஓட்டலாம். உடனே 5.2.18 என்ற பதிப்பில் அடைத்தார்கள், அந்த அடைப்பையும் சுற்றிப் போக வழி இருப்பது சில நாட்களில் தெரியவந்து 5.2.20 வந்தது. அனுப்புநர் இடத்தில் தளத்தின் நிலையான முகவரியை வைத்தவர்களுக்கு இதில் கவலை குறைவு. "பின்னூட்டம் போட்டவரின் முகவரியிலிருந்தே வருகிற மாதிரி இருந்தால் அழகாக இருக்குமே" என்று நினைத்து வெளியாள் தட்டிய முகவரியை அங்கே வைத்தவர்கள்தான் மாட்டக்கூடியவர்கள். இப்படி வைக்கும் அறிவிப்பு பிளகின்களை நான் பார்த்திருக்கிறேன்.

அட்மினின் திரைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், பிளகினில்கூட இல்லை, வேர்ட்பிரஸின் மையத்திலேயே நடந்தது. 2015 ஏப்ரலில் பின்லாந்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் இதை வெளியிட்டார். பின்னூட்டம் சேமிக்கப்படும் தரவுத்தளக் கட்டத்தில் 64 கிலோபைட் வரைதான் இடம். அதைவிட நீளமான பின்னூட்டத்தை ஒருவர் அனுப்பினால், வேர்ட்பிரஸ் முழு எழுத்தையும் சோதித்துச் சரி என்று அனுப்பும், தரவுத்தளம் மிச்சத்தை வெட்டிவிட்டுச் சேமிக்கும். வெட்டுப்பட்டதும் எழுத்தை வடிவமைக்கும் குறிச்சொற்கள் பாதியில் நிற்கும், சோதிக்கும்போது அப்பாவியாக இருந்த எழுத்து திரையில் வரும்போது ஓடும் நிரலாக மாறிவிடும். அட்மின் உள்நுழைந்த நிலையில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும், அவர் பெயரில் எல்லாம் நடக்கும். 4.2.1 பதிப்பில் அவசரமாக அடைத்தார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் மைய நிரலிலேயே ஒரு பின்னூட்டத்தின் நீளம் இத்தனை வேலை செய்ததென்றால், ஒரே ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதிய பிளகினின் "சந்தாதாரர் பட்டியல்" பக்கத்தில் என்னென்ன எட்டிப்பார்க்கும்?

இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது லாக் கோப்பு. மெயில் போகவில்லை என்று வாசகர் சொல்வார், ஏன் போகவில்லை என்று கண்டுபிடிக்கத் தோதாக இருக்கட்டும் என்று, போன மெயிலையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிவைக்கும் வசதியை இந்த மாதிரி பிளகின்களில் கொடுப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தளத்திலிருந்து போகும் மெயில் எல்லாம் என்றால், கடவுச்சொல்லை மாற்றும் லிங்க் இருக்கும் மெயிலும் அதில் சேர்த்தி. 2020 டிசம்பரில், ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்த ஈஸி டபிள்யூபி எஸ்எம்டிபி என்ற பிளகினில் நடந்தது இதுதான். லாக் கோப்புக்கு யாரும் ஊகிக்க முடியாத பெயர்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கோப்பு இருந்த ஃபோல்டரில் முகப்புக் கோப்பு ஒன்று இல்லை, அதனால் பல சர்வர்களில் அந்த ஃபோல்டரின் முகவரியை உலாவியில் தட்டினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியல் அப்படியே தெரிந்தது. வந்தவர்கள் முதலில் அட்மினின் பயனர் பெயரைக் கண்டுபிடித்தார்கள், "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்பதை அழுத்தினார்கள், மாற்றும் லிங்க் அட்மினுக்கு மெயிலில் போனது, அதன் நகல் லாக் கோப்பில் விழுந்தது, அதைத் திறந்து படித்து லிங்கை அழுத்திப் புதுக் கடவுச்சொல் வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், தளம் கைமாறியது. ஒரு வெற்று முகப்புக் கோப்பு இல்லாததன் விலை. 2025-இல் போஸ்ட் எஸ்எம்டிபி என்ற இன்னொரு பிளகினில், நான்கு லட்சத்துக்கு மேல் தளங்களில் இருப்பது, சாதாரணச் சந்தாதாரர் கணக்கு உள்ளவர்கூட மெயில் லாகைப் பார்க்க முடிந்தது. ஐந்து வருடம் கழித்தும் அதே வகை ஓட்டை. இதைப் படித்த அன்று இரவே என் தளத்தில் லாக் வசதி இயங்குகிறதா என்று பார்த்தேன். இயங்கிக்கொண்டிருந்தது. நான் எப்போதோ ஒரு நாள் ஒரு சந்தேகத்துக்காக அதை இயக்கிவிட்டு நிறுத்த மறந்திருக்கிறேன். நல்ல வேளை, எங்கள் சர்வரில் ஃபோல்டர் பட்டியல் தெரியாது.

"இனி அறிவிப்பு வேண்டாம்" என்ற லிங்க் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் வைத்திருந்த பிளகினில் அந்த லிங்கின் முடிவில் வெறும் ஒரு எண் இருந்தது, 211 என்று. அதை 212 என்று மாற்றித் தட்டிப் பார்த்தேன். இன்னொருவரின் மின்னஞ்சல் முகவரி திரையில் வந்து, "உங்கள் சந்தாவை நீக்கவா?" என்று கேட்டது. 1, 2, 3 என்று தட்டிக்கொண்டே போனால் பட்டியல் முழுக்க ஒருவன் எடுத்துக்கொள்ளலாம். இந்த லிங்கில் ஊகிக்க முடியாத நீண்ட குறியீடு இருக்க வேண்டும், முகவரியைத் திரையில் காட்டக்கூடாது, அந்த எண்ணை அப்படியே தரவுத்தளக் கேள்விக்குள் ஒட்டாமல் முறைப்படி தயார்செய்து அனுப்ப வேண்டும். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்ற, தரவுத்தளக் கேள்விக்குள் வெளியாள் தன் கட்டளையைச் சொருகும் வித்தையைப் பற்றி 1998-லேயே எழுதிவிட்டார்கள், இன்றைக்கும் பிளகின்களில் அது அகப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

இத்தனையும் பார்த்து, நல்ல நிரல்தான் என்று நிம்மதியானாலும், அந்த நிம்மதி அன்றைய பதிப்புக்கு மட்டும்தான். நாளை அந்த நிரல் யார் கையில் இருக்கும்? 2017-இல் டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற பிளகின், சுமார் இரண்டு லட்சம் தளங்களில் இருந்தது, எழுதியவர் அதை விற்றுவிட்டார். வாங்கியவர் அடுத்தடுத்த அப்டேட்டில் உள்ளே பின்கதவு, அதாவது ரகசியமாக நுழையும் வழி, வைத்தார், அதன் வழியாகத் தளங்களில் விளம்பரப் பக்கங்களைச் சொருகினார். அந்தப் பக்கங்கள் உள்நுழைந்திருப்பவரின் கண்ணுக்குத் தெரியாத மாதிரி எழுதியிருந்தார்கள், அதாவது தளத்தின் சொந்தக்காரர் பார்த்தால் எல்லாம் சுத்தம், வெளியாள் பார்த்தால்தான் குப்பை. கிடங்கிலிருந்து நீக்கினார்கள், திரும்ப வந்தது, மறுபடி நீக்கினார்கள். 2024 ஜூனில் நடந்தது வேறு விதம். விற்கவில்லை, எழுதியவர்கள் வேறெங்கோ பயன்படுத்திக் கசிந்துபோன கடவுச்சொல்லையே இங்கேயும் வைத்திருந்ததால் அவர்களின் கணக்கில் திருடர்கள் நுழைந்து, சில பிளகின்களில் கெட்ட நிரலைச் சேர்த்துவிட்டார்கள். அது போய்ச் சேர்ந்த தளங்களில் தானாக ஓர் அட்மின் கணக்கு உருவானது. அதற்குப் பிறகு 2024 அக்டோபர் 1 முதல் பிளகின் எழுதுகிறவர்களுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பதை, கட்டாயமாக்கினார்கள்.

இதில் எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறு ஒன்று. கிடங்கிலிருந்து ஒரு பிளகினை நீக்கிவிட்டால், ஏற்கெனவே அதை நிறுவிய தளங்களில் அது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் பிளகின் நீக்கப்பட்டது, ஓட்டை இருக்கிறது என்று தளத்தின் சொந்தக்காரருக்கு வேர்ட்பிரஸ் தானாக ஒரு வரி சொல்வதில்லை. அப்டேட் வராது, அப்டேட் வராததால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். என் பிளகினும் அப்படித்தான், நான் தேடிப் பார்த்தபோது கிடங்கில் அதன் பக்கம் மூடப்பட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. என் அட்மின் திரையில் எந்தச் சிவப்பு விளக்கும் எரியவில்லை. பழைய பாலத்தை மூடிவிட்டு, அந்தப் பக்கம் தினமும் போகிறவர்களுக்குப் பலகைகூட வைக்காமல் விடுவது நியாயமா?

இன்னொன்று, "எங்கள் தளத்தில் திருட என்ன இருக்கிறது, பணமா நகையா" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறது. எங்கள் தரவுத்தளத்தில் சுமார் நானூறு பேரின் மின்னஞ்சல் முகவரி இருந்தது, யார் எந்தக் கட்டுரையைப் பின்தொடர்ந்தார்கள் என்பதோடு சேர்த்து, ஒவ்வொருவரின் ஐபி முகவரியோடும், அதாவது அவரவர் இணைய இணைப்பின் எண்ணோடும் சேர்த்து. மனநலம் பற்றிய கட்டுரையின் கீழே புனைபெயரில் எழுதியவர்கள் உண்டு, குடும்ப வன்முறை பற்றிய கட்டுரையின் கீழே எழுதியவர்கள் உண்டு. புனைபெயர் திரைக்கு, உண்மை முகவரி என் தரவுத்தளத்துக்கு. அந்த நம்பிக்கைக்கு நான்தான் காவல். பெரிய இடங்களே இதில் தவறியிருக்கின்றன. பின்னூட்டச் சேவையான டிஸ்கஸ், 2012-ஐச் சேர்ந்த 1.75 கோடிப் பயனர் விவரங்கள் கசிந்திருப்பதை 2017 அக்டோபரில்தான் அறிந்து அறிவித்தது. பின்னூட்டத்துக்குப் பக்கத்தில் சின்ன முகப்படம் காட்டும் கிராவத்தார், மின்னஞ்சல் முகவரியை எம்டி5 என்ற குறியீடாக்கிப் படத்தின் லிங்கில் வைத்தது, 2020-இல் 16.7 கோடிப் பேரின் விவரத்தைச் சுரண்டி எடுத்து, அதில் 11.4 கோடிக் குறியீடுகளை உடைத்து முகவரிகளாக்கிவிட்டார்கள்.

இப்போது ஒரு பிளகினை வைக்கலாமா என்று யாராவது கேட்டால் நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில், அது இல்லாமல் முடியுமா என்று பார்க்கிறேன். கட்டுரை எழுதியவருக்குப் பின்னூட்டம் வந்தால் மெயில் அனுப்பும் வசதி வேர்ட்பிரஸிலேயே இருக்கிறது, பல தளங்களுக்கு அது போதும். வேண்டும்தான் என்றால், கிடங்கில் அதன் பக்கத்தைத் திறந்து கடைசி அப்டேட் எப்போது, ஆதரவுப் பகுதியில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் வந்திருக்கிறதா, பழைய ஓட்டைகள் எத்தனை நாளில் அடைக்கப்பட்டன என்று பார்க்கிறேன். பழைய ஓட்டை இருந்தது என்பதற்காக ஒதுக்குவதில்லை, யாரும் தேடிப் பார்க்காததால் ஓட்டை இல்லாதது போலத் தோன்றும் பிளகினைவிட, மூன்று முறை அகப்பட்டு மூன்று முறையும் சட்டென்று அடைத்தவரை நான் நம்புவேன். அப்புறம் அதை ஒரு சோதனைத் தளத்தில் வைத்து, பெயர்க் கட்டத்தில் லிங்க் போட்டுப் பார்க்கிறேன், கோணக் குறிகள் போட்டுப் பார்க்கிறேன், என் இன்னொரு முகவரிக்கு இருபது முறை டிக் அடித்து இருபது மெயிலும் போகிறதா, எங்காவது நிற்கிறதா என்று பார்க்கிறேன், விலகும் லிங்கில் எண்ணை மாற்றிப் பார்க்கிறேன். நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடிய சோதனைதான் எல்லாம், அரை மணி நேரம் போதும். ஆனால் அடுத்தவர் தளத்தில் போய் இதைச் செய்யாதீர்கள், அது குற்றம்.

அப்டேட்டைத் தானாக நடக்கும்படி விடலாமா என்பதில் எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது, 2024-இல் கெட்ட நிரல் வந்ததே அப்டேட் வழியாகத்தானே. இப்போது என் முடிவு, விடலாம். ஓட்டை வெளியே தெரிந்த சில மணி நேரத்தில் தளம் தளமாகத் தட்டிப் பார்க்க ஆள் கிளம்பிவிடுகிறார்கள், வாரத்துக்கு ஒருமுறை உட்காரும் என்னைப் போன்றவரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அதற்குப் பதில் பிளகின்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறேன். இருபத்து மூன்று இருந்தது, இப்போது ஒன்பது. நிறுத்திவைத்தவற்றை முழுதாக நீக்கியும்விட்டேன், ஏனென்றால் நிறுத்தினாலும் கோப்புகள் சர்வரிலேயே இருக்கும், சில ஓட்டைகளுக்குக் கோப்பு இருந்தாலே போதும். நீக்கிய பிறகும் அந்த அறிவிப்பு பிளகினின் அட்டவணை தரவுத்தளத்தில் அப்படியே கிடந்தது, நானூறு முகவரியோடு. அதைக் கையால்தான் அழிக்க வேண்டியிருந்தது. பழைய பேக்கப்களிலும் அது இருக்கும் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, அவற்றையும் அழித்தேன்.

அழிப்பதற்கு முன்னால் நானூறு பேருக்கும் எழுதினேன். நடந்ததை மறைக்காமல், என்ன விவரம் எங்களிடம் இருந்தது, எது வெளியே போயிருக்கலாம், எது போகவில்லை என்று எழுதி மன்னிப்புக் கேட்டேன். பெரும்பாலானவர்கள் பதில் போடவில்லை. ஒருவர் எழுதினார்: "அந்தப் பெட்டியில் டிக் அடித்தது எனக்கு நினைவே இல்லை. என் முகவரி இத்தனை வருடம் உங்களிடம் இருந்ததும் தெரியாது. சொன்னதற்கு நன்றி, ஆனால் இனி நான் எங்கும் என் உண்மை முகவரியைக் கொடுக்கப்போவதில்லை." புனைபெயரில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அவர். அதற்குப் பிறகு அவர் எங்கள் தளத்தில் எழுதவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இது. வாரத்தில் ஒரு நாள், தொழில்நுட்பப் பக்கத்தில் கைபேசி விமர்சனத்துக்குப் பக்கத்தில், நாலு வரி இடம் கொடுங்கள். அந்த வாரம் ஓட்டை வெளியான பிளகினின் பெயர், எந்தப் பதிப்பு வரை ஆபத்து, எந்தப் பதிப்பில் அடைத்திருக்கிறார்கள், கிடங்கிலிருந்து நீக்கப்பட்டவை எவை. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல நிறைய இடம் இருக்கிறது, தமிழில் தளம் நடத்துகிற, தமிழில் மட்டும் படிக்கிற எத்தனையோ பேருக்குச் சொல்ல ஆள் இல்லை. தொகுத்துத் தர ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர் வட்டத்தின் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் வாசகர்